நான் கெடுத்த உலக சாதனை

ஓர் உலக சாதனையை நான் கெடுத்திருக்கிறேன். இதைப் பெருமையாகச் சொல்கிறாயா, வெட்கப்பட்டுச் சொல்கிறாயா என்று என் கணவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

மயிலாப்பூரில் கோயில் குளத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வந்துவிடும் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. மூன்று கட்டிடங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற சேதியை அவர் உடம்புக்கு யாரும் சொல்லவில்லை. காலை ஆறு மணிக்கே இஸ்திரி போட்ட சட்டையோடு கீழே நின்று, யார் வீட்டுக் குப்பை எந்தத் தொட்டியில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். பொய் சொல்ல மாட்டார், கோபப்பட மாட்டார், யாரையும் நிம்மதியாக இருக்கவும் விட மாட்டார்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு மனக்குறை. கத்தியும் துப்பாக்கியும் இல்லாமல் ஒரு தேசத்துக்கே விடுதலை வாங்கித் தந்த மனிதருக்கு, உலகத்தின் பெரிய அமைதிப் பரிசைக் கடைசிவரை கொடுக்கவில்லை என்பதுதான் அது. எங்கள் கட்டிடத்தில் தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றிப் பேசப் போனாலும் பேச்சு அங்கே வந்து நிற்கும்.

"எத்தனை தடவை பேரைப் பரிசீலனைல வச்சுண்டா, தெரியுமோ? ஒரு தடவைகூடக் கொடுக்கலை. அப்புறம் யார் யாருக்கோ கொடுத்தா" என்பார். சொல்லும்போது குரல் தழுதழுக்கும். கேலி பண்ண நினைப்பவர்கள்கூட அந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்வார்கள்.

போன வருடம் ஆகஸ்டு மாதச் சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று அறிவித்தார். அக்டோபரில் அந்த மகானின் பிறந்தநாளை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை, நாம் எல்லோரும் சேர்ந்து அவர் பெயரில் ஓர் உலக சாதனை செய்யப் போகிறோம். அவர் வாரத்துக்கு ஒருநாள் மௌனமாக இருந்தவர். ஆகவே நாம் ஒரு மணி நேரம், நூற்றெட்டுப் பேர், ஒரே இடத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருப்போம். சாதனைகளைப் பதிவு செய்யும் சர்வதேச நிறுவனத்திலிருந்து நடுவர் வருவார். சான்றிதழை அவர் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடலாம்.

"அவா கொடுக்கலேன்னா என்ன? நாம வாங்கித் தருவோம்" என்றார்.

ஏன் நூற்றெட்டு, நூறு போதாதா என்று யாரோ கேட்டார்கள். "நூறுன்னா மொட்டையா இருக்கு" என்று பதில் வந்தது. குளத்தங்கரைக்காரர்களுக்கு எண்ண ஆரம்பித்தால் நூற்றெட்டில் போய்த்தான் நிறுத்த வரும்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முப்பது வருடமாகத் தப்பைத் தப்பு என்று சிவப்பு மையில் சுழித்தே பழகிவிட்டது. எழுந்தேன்.

"சார், அவரு இந்தப் பரிசு, சான்றிதழ் இதுக்கெல்லாம் அப்பாற்பட்டவரு. அவரை மாதிரி ஆளுக்கு அங்கீகாரம் எதுக்கு? நமக்கு வேணும்னா நமக்குன்னு சொல்லுங்க" என்றேன். நாலைந்து பேர் கை தட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. என்னைப் பார்த்து இல்லை. செயலாளரைப் பார்த்து.

"அவருக்கு வேணாம்னு இவங்களுக்கு எப்படி சார் தெரியும்? அவரைக் கேட்டாங்களா? கேக்காமலே ஒருத்தருக்கு வேணாம்னு முடிவு பண்றது ரொம்ப சுலபம் சார்."

குரலை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டேன். என் எதிர்வீட்டுக்காரி. நான்கு வருடமாக நானும் அவளும் பேசுவதில்லை.

அவளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. மூன்றாம் மாடியில் என் கதவைத் திறந்தால் எதிரே அவள் கதவு. நடுவில் ஆறடி இடம். வீட்டில் உருது பேசுகிற குடும்பம். எங்களுக்கு முன்பே, அவள் மாமனார் காலத்திலேயே, இந்தப் பேட்டையில் இருப்பவர்கள். அவள் தி. நகர் பட்டுக்கடைகளுக்கு ரவிக்கையில் ஜரிகையும் மணியும் வைத்து ஜர்தோசி வேலை செய்து கொடுக்கிறாள். இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டு, முகூர்த்த மாதங்களில் சாப்பிட நேரமில்லாமல் தைப்பாள். தமிழ் மீடியத்தில் படித்தவள். எங்கள் கட்டிடத்திலேயே பிழையில்லாமல் தமிழ் எழுதத் தெரிந்தவள் அவள்தான்; நான்கூட அப்புறம்தான். பதினெட்டு வருடம் நாங்கள் இருவரும் கதவைச் சாத்தியதே இல்லை. என் மகளுக்கு அவள் 'காலா'. உருதுவில் அப்படித்தான் சித்தியைக் கூப்பிடுவார்கள். என்மேல் கோபம் வந்தால் என் மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டில் போய்ச் சாப்பிடுவாள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே புதினாச் செடிதான் இருந்தது.

அப்பேர்ப்பட்டவள் என் மகள் கல்யாணத்துக்கு வரவில்லை. மண்டபம் இதோ இருக்கிற தி. நகரில். வாசலைப் பார்த்துப் பார்த்து என் கழுத்து வலித்தது. தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, பந்தலைப் பிரிக்கிறவரைக்கும் வரவில்லை. மறுநாள் மாடிப்படியில் பார்த்தபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வாரம் மாதமாகி, மாதம் வருடமாகியது. இரண்டு கதவும் சாத்தியே இருந்தன. புதினாச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று தெரியாமல் அதுவும் போய்ச் சேர்ந்தது.

ஊர் சும்மா இருக்குமா? முதல் மாடி அம்மாள் ஒருத்தி, "என்ன இருந்தாலும் அவங்க வேற, நாம வேற இல்லையா" என்று என்னிடமே வந்து ஆறுதல் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "எங்க சண்டைக்கு நீங்க பேர் வைக்க வேணாம். அது எங்க ரெண்டு பேரோட சொந்தச் சண்டை" என்று கதவை அறைந்து சாத்தினேன். அதே அம்மாள் எதிர்வீட்டிலும் போய் ஆறுதல் சொல்லி, அங்கேயும் அதே மாதிரி வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்று வாட்ச்மேன் சொன்னார். அன்றைக்கு எதிர்வீட்டுக்காரிமேல் எனக்கு அரை நாள் பிரியம் வந்து, அப்புறம் போய்விட்டது.

செப்டம்பர் கடைசியில்தான் எனக்கு நெருக்கடி ஆரம்பித்தது. என் மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வது, அக்டோபரில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை என்று முடிவானது. வேளச்சேரியிலிருந்து போன் பண்ணினாள்.

"அம்மா, காலாவைக் கூப்பிட்டியா?"

"கல்யாணத்துக்கு வராதவளை வளைகாப்புக்கு எதுக்குடி கூப்பிடணும்?"

"அவங்க வளையல் போடாம எனக்கு வேற யாரும் போட வேணாம். நீ போய்க் கூப்பிடு. இல்லன்னா நான் அங்க வரப்போறதே இல்ல" என்று வைத்துவிட்டாள். என் மகள்தானே, சொன்னால் செய்வாள். ஆறடி தூரம். ஒருநாள் கதவைத் திறந்து மூன்றடி போய்த் திரும்பி வந்தேன். அவள்தான் வரவில்லை, நான் ஏன் போய் நிற்க வேண்டும்? கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ஒரு வார்த்தைதானே" என்றார். அவரை நான் பார்த்த பார்வையில் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் செயலாளர் எங்கள் வீட்டு மணியை அடித்தார். அடித்துவிட்டு எதிர்வீட்டு மணியையும் அடித்தார். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்தன.

"ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் முதல் வரிசைல, நடுவுல, பக்கத்துல பக்கத்துல உக்காந்துண்டா போட்டோ ஜம்முனு வரும். அவர் எதுக்காக உயிரை விட்டாரோ, அதுக்கு இதைவிட வேற என்ன சாட்சி வேணும்? ஆட்சேபணை இல்லையே?" என்றார்.

நாங்கள் பேசுவதில்லை என்பது ஊருக்கே தெரியும், அவரைத் தவிர. நான் முடியாது என்று சொன்னால், முதல் மாடி அம்மாள் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். அதே கணக்கை அவளும் போட்டிருப்பாள். "எனக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றாள். "எனக்கும்தான்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. கார்களையெல்லாம் தெருவில் கொண்டுபோய் விட்டுவிட்டு, கீழே கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். தலைவர் படத்துக்குக் கதர் நூல் மாலை. நடுவர் வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும், அந்தப் புழுக்கத்திலும் கோட்டும் டையும். எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்று ஆவலாகக் கேட்டோம். நிறுவனத்தின் உலகத் தலைமையகம் அசோக் நகரில் இருக்கிறதாம். ஒரு ஓட்டலுக்கு மேல்மாடி. செயலாளர் முகம் ஒரு நொடி வாடியது. "உலகத்துல அசோக் நகரும் ஒரு பகுதிதானே" என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

எண்ணிப் பார்த்தால் நூற்றேழு பேர். ஒருவருக்கு வயிறு சரியில்லை. செயலாளர் வாட்ச்மேனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"இன்னா சார், ஒரு மணி நேரம் பேசாம குந்திகினு இருந்தா சர்டிபிகேட்டா? எங்க வூட்ல இத்த நான் டெய்லி பண்ணிகினு கீறேன். ஒருத்தரும் ஒண்ணும் தரல" என்றபடி அவர் கேட்டைப் பூட்டிவிட்டு வந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

விதிகளை நடுவர் வாசித்தார். நூற்றெட்டுப் பேரில் ஒருவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தாலும் முயற்சி ரத்து. தும்மல், இருமல் கணக்கில் வராது. அப்புறம் செயலாளர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பென்சிலும் சின்னத் துண்டுத்தாள் கட்டும் கொடுத்தார். படத்தில் இருப்பவர் தன் மௌன நாளில் யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் துண்டுத்தாளில் எழுதித்தான் காட்டுவாராம். அவர் காகிதத்தை வீணாக்காதவர் என்பதால், பழைய தண்ணீர் லாரி அறிவிப்புகளின் வெற்றுப் பக்கத்தை வெட்டி, ஆளுக்குப் பத்துத் தாள் என்று செயலாளரே நூல் போட்டுக் கட்டியிருந்தார். எழுதுவதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்றார் நடுவர். கடிகாரத்தை அமுக்கினார்.

முதல் பத்து நிமிடம் மிக அழகாக இருந்தது. மயிலாப்பூரில் இவ்வளவு காக்கை இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மூன்றாவது வரிசையில் ஒருவர் தும்மினார். பழக்கத்தில் 'நூறு' என்று சொல்ல வந்த அவர் மனைவி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். நூற்றெட்டுப் பேரின் தோள்களும் குலுங்கின. சத்தம் வரவில்லை.

பதினோராவது நிமிடத்தில் என் மடியில் ஒரு துண்டுத்தாள் வந்து விழுந்தது. குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. நான்கு வருடத்துக்கு அப்புறம் பார்க்கிறேன்.

"உங்கள் முழங்கை இடிக்கிறது."

எழுதினேன்: "நாற்காலி சின்னது. செயலாளரிடம் சொல்லவும்."

"நேரே சொல்லும் பழக்கம் உங்களுக்கு இல்லை என்பது தெரிந்ததுதான்."

எனக்குக் காது சூடாகியது. "எதைச் சொல்கிறீர்கள்?"

"ஒன்றும் இல்லை."

ஒன்றும் இல்லை என்று ஒரு பெண் மெனக்கெட்டு எழுதிக் கொடுத்தால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். நானும் பெண்தானே. பென்சிலை அழுத்தி எழுதினேன்: "என் பெண் கல்யாணத்துக்கு வராதவர் எனக்குப் பழக்கவழக்கம் சொல்லித்தர வேண்டாம்."

அவள் அதைப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நடுவர் எங்களைக் கடந்து போகும்வரை காத்திருந்தாள். அப்புறம் தாள் கிழிகிற அளவுக்கு எழுதினாள்.

"கூப்பிடாத கல்யாணத்துக்கு எப்படி வருவது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அபாண்டம் என்றால் இதுதான். "பத்திரிகை அடித்ததும் முதலில் உனக்குத்தான் அனுப்பினேன். வாட்ஸாப்பில் இப்போதும் இருக்கும். எடுத்துப் பார்."

"பார்க்க வேண்டாம். ஞாபகம் இருக்கிறது. எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி அனுப்பினாய். பார்த்தேன். மாப்பிள்ளை பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. சொன்னேன். திருத்தினாய். அப்புறம்?"

அந்த 'அப்புறம்?' என்ற சொல்லுக்கு நடந்ததையெல்லாம் வரிசையாக எண்ணிப் பார்த்தேன். அப்புறம் நானும் என் கணவரும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினோம். வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, பத்திரிகை. அடையாறில் ஒன்றுவிட்ட மாமா வீட்டில் இல்லை என்று இரண்டு தடவை போனோம். வேளச்சேரியில் ஒருவர் வீட்டைத் தேடி மழைத்தண்ணீரில் நடந்தோம். இஸ்திரிக்காரர், பால்காரர், என் பள்ளிக்கூடத்து ஆயா எல்லோரையும் நேரில் போய்க் கூப்பிட்டோம். தினமும் அவள் வாசலைத் தாண்டித்தான் படி இறங்கினோம்.

எழுதினேன்: "நீ வீட்டு ஆள். வீட்டு ஆளுக்கு எதற்கு அழைப்பு?"

பதில் இரண்டு தாளில் வந்தது. "வீட்டு ஆள் என்றால் ஒரு வாய்வார்த்தைகூடக் கிடையாதா? உன் கதவு திறக்கும்போதெல்லாம் இன்றைக்கு எனக்குத்தான் தட்டு வருகிறது என்று நினைத்தேன். நீங்கள் செருப்பு மாட்டிக்கொண்டு கீழே போவது கேட்கும். எட்டு நாள் என் வீட்டுக்காரரைச் சட்டையோடு உட்கார வைத்திருந்தேன்."

இரண்டாவது தாளில் ஒரே வரி. "அவள் ரவிக்கையை நான்தான் தைத்தேன்."

ஆமாம், அவள்தான் தைத்தாள். இரண்டு மாதம், மற்ற வேலைகளுக்கு நடுவில், முதுகு முழுக்க மயிலும் கொடியுமாக. கல்யாணத்தன்று அதைத் தொட்டுப் பார்க்காத பெண் இல்லை. யார் செய்தது என்று கேட்டவர்களிடமெல்லாம், 'எங்க வீட்டு ஆள்தான்' என்று நான் பெருமையடித்துக்கொண்டு நின்றேன். அவளோ அந்த நேரத்தில் மயிலாப்பூரில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்பது விதியை எழுதியவர்களுக்குத் தெரியாது.

நடுவர் எங்கள் எதிரே மண்டியிட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். தலை குனிந்து, கண் கலங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பெண்கள். செயலாளர் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எழுதி எழுதிக் கிழித்தது போக என்னிடம் ஒரே ஒரு தாள் மிச்சம். அதில் மறந்துவிட்டேன் என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. அது பாதிப் பொய். மீதி உண்மையை நான் யாரிடமும், என் கணவரிடமும் சொன்னதில்லை. முதல் நாளே அவளுக்குத்தான் தட்டு எடுத்தேன். எடுத்தவள் குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வைத்தால் அவள் சங்கடப்படுவாளா? எடுத்துவிட்டால், எனக்கு மட்டும் தனித் தட்டா என்று வருத்தப்படுவாளா? பதினெட்டு வருடம் ஒரே சட்டியில் குழம்பு சாப்பிட்டவளுக்கு என்ன வைப்பது என்று தெரியவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தட்டைக் கீழே வைத்தேன். நாளை, நாளை என்று போய், கல்யாணப் பரபரப்பில் கூப்பிட்டுவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். அவங்க வேற நாம வேற என்று சொன்ன முதல் மாடி அம்மாளை அந்த விரட்டு விரட்டினேனே, அவள் சொன்னதில் ஒரு சிமிழ் அளவு உண்மை என் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

எதிரே மாலை போட்டுக்கொண்டு படத்தில் இருப்பவர், தன் தப்பை ஊரறியத் தானே எழுதி வைத்தவர். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. ஒருத்திக்கு மட்டும் எழுதினேன்.

"தட்டில் குங்குமம் வைப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. தள்ளிப் போட்டேன். அப்புறம் மறந்தேன். தப்பு என்னுடையது."

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பென்சிலை எடுத்தாள். ஒரே ஒரு சொல் எழுதிக் கொடுத்தாள்.

"கேட்டிருக்கலாமே."

அவ்வளவுதான். அன்றைக்குக் கூட்டத்தில் அவள் செயலாளரிடம் சொன்னது எனக்கு அப்போதுதான் எட்டியது. அந்த மனிதருக்குப் பரிசு வேண்டாம் என்று நான் முடிவு பண்ணினேன்; இவளுக்கு அழைப்பு வேண்டாம் என்றும் நானே முடிவு பண்ணினேன். யாரையும் கேட்கவில்லை.

என் தாள் கட்டு தீர்ந்துபோயிருந்தது. பக்கத்தில் யாரிடமாவது வாங்கியிருக்கலாம். இன்னும் ஒன்பது நிமிடம் பொறுத்திருக்கலாம். நான்கு வருடம் பொறுத்தவளுக்கு ஒன்பது நிமிடம் பொறுக்க முடியவில்லை. அவள் பக்கம் திரும்பி, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் கேட்டேன்.

"தட்டுல குங்குமம் வைக்கட்டுமா, வேணாமா?"

நூற்றேழு தலைகள் திரும்பின. நடுவர் கடிகாரத்தை அமுக்கினார். ஐம்பத்தோரு நிமிடம். பின்னாலிருந்து வாட்ச்மேன், "யார் தட்டுல மேடம்?" என்றார். செயலாளர் மட்டும் இன்னமும் மௌனம் கலைக்கவில்லை. தன் கட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, எழுதி, என்னிடம் நீட்டினார். "ஏன்?" என்று இருந்தது.

அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வழிய, நாற்காலி ஆடுகிற சிரிப்பு.

"குங்குமம் வேணாம், பூ வை. மல்லி. நெறைய வை. இதைக் கேக்க உனக்கு நாலு வருஷமா?" என்றாள்.

அந்தப் பதிலைச் சொல்ல அவளுக்கு ஐந்து நொடி ஆகியிருக்காது. நான் கணக்கு டீச்சர். அந்த ஐந்து நொடியையும் அந்த நான்கு வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷமாக அழுதேன். என்ன ஏது என்று தெரியாமலே பாதிப் பேர் கை தட்டினார்கள். மீதிப் பேர் ஒரு மணி நேரத்துப் பேச்சை ஒரே மூச்சில் பேச ஆரம்பித்தார்கள்.

செயலாளரிடம் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அதற்குள் நடுவர் அவர் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பது நிமிடத்துக்கென்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறதாம். நேரத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதிக்கொண்டால் சான்றிதழ் தந்துவிடலாமாம். செயலாளர் படத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு மணின்னு சொல்லித்தான் உக்காந்தோம். மாத்தி எழுதி வாங்கினதை அவர் படத்துக்குப் பக்கத்துல எப்படி மாட்டறது? வேண்டாம்" என்றார். என் பக்கம் திரும்பினார். "அடுத்த வருஷம் உங்களை ஒரு கட்டடத்துலயும் அவாளை ஒரு கட்டடத்துலயும் உக்கார வைக்கறேன்" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் திட்டத் தெரிந்தது. அன்றைக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

சாயங்காலம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். கணவர் வேட்டி கட்டிக்கொண்டார். குளத்தங்கரைப் பூக்காரியிடம் இருந்த மல்லியையெல்லாம் வாங்கியாகிவிட்டது. தட்டில் பூ, பழம், வெற்றிலை, ஒரு டப்பா மைசூர்பாகு. எங்கள் கதவைப் பூட்டி, ஆறடி நடந்து, முன்பின் தெரியாதவர் வீட்டுக்கு வந்ததுபோல மணி அடித்தோம்.

கதவைத் திறந்தாள். காலையில் நைந்த புடவையில் இருந்தவள், இப்போது நல்ல புடவையில் இருந்தாள். எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு வேணும்?" என்றாள்.

இந்தத் தடவை நான் எதையும் விடவில்லை. "வர்ற வெள்ளிக்கிழமை காலைல ஒம்பதரைக்கு எங்க பொண்ணுக்கு வளைகாப்பு. நீங்க குடும்பத்தோட வந்து முதல் வளையல் போட்டு ஆசீர்வாதம் பண்ணணும்" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் தலையைத் திருப்பி உள்ளே பார்த்தாள். மூன்று மாடிக்கும் கேட்கிற குரலில், முக்கியமாக முதல் மாடிக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"ஏங்க, சட்டையப் போட்டுக்கிட்டு வாங்க. எதிர்வீட்டுலேருந்து நம்மளக் கூப்பிட வந்திருக்காங்க."

அவர் சட்டை மாட்டிக்கொண்டு வரும்வரை தட்டை வாங்காமல் என்னை வாசலிலேயே நிற்க வைத்தாள். நின்றேன்.